முதலில் சாப்பாடு, பிறகு ஊசி

தஞ்சாவூரிலிருந்து எழுதியிருக்கும் உங்களுக்கு வணக்கம். காலை ஆறு மணிக்கு இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை நோயுள்ள உங்கள் பூனை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது என்று படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் உணவை வைத்து, அது ஒழுங்காகத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசி போடுங்கள். தின்ன மறுத்தால் முழு அளவைப் போடாமல் மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். ஊசிகளுக்கிடையே 12 மணி நேரம் வேண்டும். அரை மணி முன்பின் ஆனால் பயமில்லை, ஆனால் தவறிய ஊசிக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடவே கூடாது.

தயிர்ச்சோறும் மீன்சோறும் வைப்பது நம் டெல்டா வீடுகளின் வழக்கம்தான் என்றாலும், சோற்றை ஒரேயடியாக நிறுத்தி வெறும் மீனுக்கு மாற்றினால் பழைய அளவு இன்சுலினே அதிகமாகிச் சர்க்கரை ஆபத்தாக இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். தள்ளாட்டமோ வலிப்போ தெரிந்தால் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். தொடர் பரிசோதனைக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்றைக்கே இன்சுலின் குப்பியையும் ஊசிக்குழலையும் கையிலெடுத்துப் பாருங்கள்: குப்பியில் 40 (ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு) என்றிருந்தால் குழலிலும் 40 என்றே இருக்க வேண்டும், குழலில் 100 என்றிருந்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகிவிடும்.