ஹிண்டியோடஸ்: பற்களை வைத்து வகைப்பாடு

கேள்வி: கோனோடான்ட்டுகள் எனப்படும், அழிந்துபோன விலாங்கு வடிவக் கடல் விலங்குகளின் பற்கள் மட்டுமே கிடைக்கின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, ஹிண்டியோடஸ் போன்ற அழிந்துபோன ஒரு பேரினத்தை எப்படி வரையறுக்கிறார்கள்?

பதில்: 1856இல் புதைபடிவ ஆய்வாளர் பாண்டர் இப்பற்களை முதன்முதலில் விவரித்தபோது, இவை ஏதோ மீனினத்தின் பற்கள் என்றே கருதினார். இவ்விலங்கின் மென்மையான உடலின் சுவடு எடின்பரோ அருகே கிராண்டனில் கிடைத்த பாறையில் அடையாளம் காணப்பட்டு, 1983இல்தான் வெளியிடப்பட்டது. நெடுங்காலமாக, ஒரே விலங்கின் வாயில் இருந்த வெவ்வேறு வடிவப் பற்களுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டும் வழக்கம் பரவலாக இருந்ததால், பெயர்க் குழப்பத்துக்குக் குறைவே இல்லை.

1964இல் ரெக்ஸ்ரோடும் ஃபர்னிஷும் நிறுவிய ஹிண்டியோடஸும் இதற்குத் தப்பவில்லை. 1976இல் அன்கிக்னாதோடஸ் பார்வஸ் என்று பெயரிடப்பட்ட சிற்றினம், அன்கிக்னாதோடஸ், ஹிண்டியோடஸ் ஆகிய இரு பேரினங்களும் ஒன்றே என்று கொள்ளப்பட்டபின், முதலில் சூட்டிய பெயரே செல்லும் என்ற முன்னுரிமை விதிப்படி மூத்த பெயரான ஹிண்டியோடஸுக்குள் வந்தது. அச்சிற்றினத்தை இசார்சிசெல்லா என்ற மற்றொரு பேரினத்தில் சேர்ப்போரும் உண்டு. எனக்கு அது தேவையற்ற மாற்றமாகவே படுகிறது. இன்று இப்பேரினம் ஓசார்கோடினிடா வரிசையில் வைக்கப்படுகிறது.

அலகு போன்ற தட்டையான பல்லின் ஒரு முனையில், மற்றச் சிறு கூர்களைவிட மிக உயர்ந்து நிற்கும் பெருங்கூரே பார்வஸின் அடையாளம். சீனாவின் மெய்ஷானில் 27சி என்று எண்ணிடப்பட்ட பாறை அடுக்கில் அது முதன்முதலாகத் தோன்றும் இடத்தையே டிரையாசிக் என்ற புவியியல் காலத்தின் தொடக்கமாக 2001இல் உலகப் புவியியலாளர்கள் ஏற்றனர்.