பாட்டியின் சைகோன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாட்டி சைகோன்காரர். வீட்டில் தமிழ், பிரெஞ்சு, வியத்நாமியச் சமையல் எல்லாம் கலந்து கிடக்கும். “இதை அப்படியே நாவலாக எழுது, விருது வாசலுக்கு வரும்” என்கிறார்கள் நண்பர்கள். பிரிட்டன் எழுத்தாளர் பெர்னார்டின் எவரிஸ்டோவுக்கும் கலப்புப் பின்னணிதானே, ஒரே நாவலில் புக்கர் விருது கிடைக்கவில்லையா?

ர., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள ர.,

ஒரே நாவலா? 2019இல் ‘கேர்ள், வுமன், அதர்’ புக்கர் பெற்றபோது அவருக்கு வயது 60. முதல் கவிதைத் தொகுப்பு வந்தது 1994இல். அதற்கும் முன்பு, 1982இல், தோழிகளோடு சேர்ந்து கறுப்பினப் பெண்களின் நாடகக் குழு ஒன்றைத் தொடங்கியவர்.

நீங்கள் படிக்க வேண்டியது விருது வாங்கிய நாவலை அல்ல, 1997இல் வந்த ‘லாரா’வை. எவரிஸ்டோவின் அப்பா நைஜீரியர், அம்மா ஆங்கிலேயர். அப்பா வழியில் பிரேசில், அம்மா வழியில் அயர்லாந்து, ஜெர்மனி. இந்தக் குடும்பத்தின் 150 ஆண்டுகளை முதலில் உரைநடையில்தான் எழுதினார். சரிவரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுக் கவிதையில் திரும்ப எழுதினார். 2009இல் அதையே விரிவாக்கி மறுபடி வெளியிட்டார். ஒரே குடும்பக் கதைக்கு இத்தனை பாடு.

உரைநடை ஏன் காலை வாரும் என்றால், அது பாலம் கேட்கும். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யார் யாரைக் கட்டினார் என்று சொல்லிச் சொல்லியே பாதிப் புத்தகம் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது வம்சாவளிப் பட்டியல். கவிதை பாலத்தை விட்டுவிட்டுத் தாண்டும். அதற்காக நீங்கள் கவிதையில் எழுத வேண்டியதில்லை. ஒரு சிறு காலத்தை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் என்ன பேச்சு நடந்தது? நாவல் அங்கே இருக்கிறது.

பழைய பிரெஞ்சுத் திருமணப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். மணமக்களின் வயது, தொழில், பெற்றோர் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சாட்சிகள்தான் புதையல், குடும்பம் மறந்துபோன ஆட்கள் அங்கேதான் நிற்பார்கள். தேடும்போது எழுத்துக்கூட்டல் ஏமாற்றும். ‘சு’வுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எஸ், ஓ, யு என்று மூன்றெழுத்து போடுவார்கள். ஆங்கில வழக்கில் சுப்பிரமணியனைத் தேடினால் அகப்படமாட்டார்.

சமையலை அலங்காரமாக்காதீர்கள். ‘நெம்’ என்ற வியத்நாமியப் பலகாரம் என்னவென்று பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தால் வாசகர் சுற்றுலாப் பயணியாகிவிடுவார். எவரிஸ்டோவின் ‘தி எம்பரர்ஸ் பேப்’ நாவல் ரோமானியர் கால லண்டனில் நடக்கிறது. லத்தீனும் இன்றைய தெருப்பேச்சும் அதில் முட்டி மோதும். அந்தத் துணிச்சல் வேண்டும்.

விருதுக்கு வருகிறேன். புக்கருக்கு எழுத்தாளர் தானாக விண்ணப்பிக்க முடியாது, பதிப்பகம்தான் அனுப்பும். நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாகியிருக்க வேண்டும். பரிசு 50,000 பவுண்டு. 2019இல் நடுவர்கள் விதியை மீறி கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததால் எவரிஸ்டோவுக்குக் கிடைத்தது பாதிதான். தமிழில் எழுதுபவருக்கு உள்ள வழி இன்டர்நேஷனல் புக்கர். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாக வேண்டும், பரிசுத் தொகையில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் அதன் நெடும்பட்டியலில் வந்தது. தமிழில் அது வெளியாகி ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து.

நண்பர்களிடம் அந்தப் பத்து ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டு, முதலில் பாட்டியின் திருமணப் பதிவைத் தேடுங்கள்.