"வலி உன் மனசுலதான்"ங்கறாங்களே, நெசமா? – நாள்பட்ட வலி கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல முக்காவாசி மூணு மாசத்துக்கு மேல இழுத்துக்கிட்டு இருக்கற வலிய பத்தித்தான், அதனால ஒண்ணா சேத்து எழுதிடறேன்.

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் நார்மல். வீட்ல "உனக்கு மனசுலதான் வலி"ங்கறாங்க. நான் நடிக்கிறேனா டாக்டர்?

நடிப்பு இல்லம்மா. கால்ல ஆணி குத்தினாலும் எவ்ளோ வலின்னு கடைசில முடிவு பண்றது மூளைதான். 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க, மேல போற வலி சிக்னல கூட்டவும் குறைக்கவும் தண்டுவடத்துல ஒரு கேட் இருக்கு, மூளைலேருந்து கீழ வர்ற சிக்னலும் அந்த கேட்ட தொறக்கும் மூடும்னு. விவரங்கள் அப்புறம் மாறிடுச்சு, அடிப்படை இன்னும் நிக்குது. பயம், கவலை, தூக்கம் கெட்டது எல்லாம் அந்த வழியா வலிய ஏத்தும். ரொம்ப நாள் வலிச்சா நரம்பு மண்டலமே சென்சிடிவ் ஆகி, காயம் ஆறினப்புறமும் அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்கேன்ல இது தெரியாது. மனசுக்கு பங்கு இருக்குங்கறதும் வலி பொய்ங்கறதும் ஒண்ணு கிடையாது, இத வீட்ல படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: எம்ஆர்ஐல எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்னு வந்துச்சு. அதுலேருந்து குனியவே பயமா இருக்கு.

டிஸ்க் பல்ஜ்னா, முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கறது; எல்4-எல்5ங்கறது கீழ் முதுகு. ரிப்போர்ட் படிச்சப்புறம்தான் நெறைய பேருக்கு வலி ஜாஸ்தியாகுது. 2015ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, முதுகுவலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் 20 வயசுல 30 சதவீதம், 50 வயசுல 60 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்துச்சு. கீழ விழுந்த பேனாவ எடுக்கச் சொன்னா இந்த பயம் இருக்கறவங்க மொதல்ல மூச்ச புடிச்சுப்பாங்க, ஒரு கைய டேபிள்ல ஊனி, முதுக வெறைப்பா வச்சுக்கிட்டு முட்டிய மடக்கி இறங்குவாங்க. அந்த வெறைப்பே தசைய இறுக்கி வலிக்க வைக்கும், வலிச்சதும் "போச்சு, டிஸ்க் நகந்துடுச்சு"ன்னு பயம், பயத்துல அசையறது குறையும், தசை இளைக்கும், அப்புறம் கொஞ்சம் திரும்பினாலே வலி. சேர்ல உக்காந்து, மூச்ச விட்டுக்கிட்டே, கையால கால் முட்டிய தொடற மாதிரி நாலஞ்சு தடவை குனிஞ்சு பழகுங்க, பழகினதும் கணுக்கால் வரைக்கும். லேசா வலிச்சா பரவால்ல. மாசக்கணக்கா பெட் ரெஸ்ட் மட்டும் வேணாம்.

கேள்வி: ஆபீஸ்ல மீட்டிங்னா அன்னிக்கு கழுத்துவலி டபுளாகுது. பிரமையா?

இல்ல. மொத நாள் ராத்திரி தூங்கினீங்களான்னு பாருங்க, எனக்கு அதுதான் சந்தேகம். தூக்கம் கெட்டா மறுநாள் வலி தாங்கற சக்தி குறையும்.

கேள்வி: வலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினாங்க. மெடிக்கல்ல கேட்டா டிப்ரஷன் மாத்திரையாம்!

அதே மாத்திரைதான், ஆனா டிப்ரஷனுக்கு குடுக்கறத விட கம்மி டோஸ், பெரும்பாலும் ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிப்போம். மூளைலேருந்து வலிய அடக்க கீழ வர்ற சிக்னல பலப்படுத்தத்தான் அது. பலன் தெரிய சில வாரம் ஆகும், வாய் உலரும், காலைல மந்தமா இருக்கும். இதய நோய், கண் பிரஷர், புராஸ்டேட் பிரச்சனை இருந்தா டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: சுகர்ல அப்பா கால எடுத்துட்டாங்க, இல்லாத கால் வலிக்குதுங்கறார். மனநோயா?

மனநோய் இல்லவே இல்ல. கால் போனாலும் மூளைல கால் இருந்த இடம் அப்படியே இருக்கும். நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 90கள்ல இதுக்காக கண்ணாடிப் பெட்டி வச்சு முயற்சி பண்ணார், இருக்கற காலோட பிம்பத்த போன கால்னு மூளைக்கு காட்றது, சிலருக்கு வலி குறையுது. டென்ஷன்ல இந்த வலி கூடும், "கால்தான் இல்லியே"ன்னு அவர்ட்ட வாதாடாதீங்க.

கேள்வி: அப்போ எந்த முதுகுவலியா இருந்தாலும் மனசுன்னு விட்டுடலாமா?

ஐயோ வேணாம். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போறது கட்டுப்பாட்ட மீறினா, ரெண்டு தொடைக்கும் இடையில மரத்துப்போனா, கால் பலம் குறைஞ்சா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போங்க. முதுகுவலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் வந்திருக்கறது, இதெல்லாம் இருந்தாலும் தள்ளிப்போடாம டாக்டர பாத்துடுங்க.