‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு, அந்நாட்டு டிவி விருதான எம்மி எழுத்துக்காக ஏன் கிடைக்கவில்லை? அந்த விருதை எதைப் பார்த்துத் தருகிறார்கள்?

எழுத்துக்கான எம்மியை முழுத் தொடருக்கும் சேர்த்துத் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரே ஒரு எபிசோடுக்கு, அந்த எபிசோடில் பெயர் வந்திருக்கும் எழுத்தாளருக்குப் போகிறது. ஐந்து சீசனை எப்படிப் பின்னினார்கள் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. ‘தி வயர்’ மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அதற்குக் கிடைத்த எம்மி பரிந்துரை மொத்தமே இரண்டு, 2005இலும் 2008இலும். இரண்டுமே எழுத்துக்கு. ஆக, எழுத்தாளர்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் ஒரு சீசனில் போட்ட முடிச்சை இன்னொரு சீசனில் அவிழ்க்கிற தொடர் அது. நடுவிலிருந்து ஒரு மணி நேரத்தை மட்டும் உருவி, முன்கதை தெரியாதவரிடம் காட்டினால், யார் யாருடைய ஆள் என்று புரிவதற்குள் எபிசோடு முடிந்துவிடும்.

நடைமுறை இதுதான். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை வெளியானவற்றிலிருந்து எபிசோடைப் பொறுக்கி அனுப்ப வேண்டும். எம்மியைத் தரும் டெலிவிஷன் அகாடமியின் எழுத்தாளர் பிரிவு உறுப்பினர்கள் மட்டும் ஓட்டுப் போடுவார்கள். அவர்கள் பார்ப்பது எடுத்து முடித்த எபிசோடை. தாளில் இருக்கும் ஸ்கிரிப்டை அல்ல. அதனால் நல்ல நடிப்பும் எடிட்டிங்கும் எழுத்தின் கணக்கில் வரவாகிவிடும், மோசமானால் பற்றாகிவிடும். குறுந்தொடர் என்றால் பிரிவே வேறு. 2025இல் ‘அடலசன்ஸ்’ வாங்கியது அந்தப் பிரிவில்.

எந்த எபிசோடு என்பதில்தான் பாதி விளையாட்டு. கடைசி எபிசோடு பாதுகாப்பு என்று தோன்றும். 2014இல் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசி எபிசோடும், அதற்கு இரண்டு எபிசோடு முன்னால் வந்த ‘ஓஸிமாண்டியஸ்’ஸும் பட்டியலில் இருந்தன. ஜெயித்தது ‘ஓஸிமாண்டியஸ்’, எழுதியவர் மொய்ரா வாலி-பெக்கட். 2023க்கான விருதில் ‘சக்ஸெஷன்’ ஜெயித்ததும் அந்த சீசனின் மூன்றாவது எபிசோடால்தான். கல்யாணப் படகில் பிள்ளைகள் நிற்கிறார்கள். விமானத்தில் அப்பா விழுந்துவிட்டார் என்று ஃபோன் வருகிறது. மருமகன் ஃபோனை அவர் காதருகே பிடித்துக்கொள்ள, உயிர் இருக்கிறதா என்றே தெரியாத அந்தக் காதுக்குள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். பாசமும் கோபமும் ஒரே மூச்சில் கிளம்பிப் பாதியில் அறுந்துபோகின்றன. சாகிற நொடியை நமக்குக் காட்டாமல் ஃபோனுக்கு அந்தப் பக்கம் தள்ளியதுதான் அங்கே எழுத்து. தொடரை அதற்குமுன் பார்க்காதவருக்கும் அந்தக் காட்சி ஏறும்.

அதே ஆண்டு ‘பெட்டர் கால் சால்’ தொடருக்கு இரண்டு எபிசோடுகள் பட்டியலில் இருந்தும் விருது இல்லை. ஓட்டுப் பிரிந்ததால்தான் என்று உடனே சொல்வார்கள். அதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2009இல் பட்டியலில் இருந்த ஐந்தில் நான்கு ‘மேட் மென்’ எபிசோடுகள். ஓட்டு நாலாகச் சிதறியிருக்கக்கூடிய அந்த ஆண்டிலும் விருது அவர்களுக்கே வந்தது.

பெயர் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம்மூர் டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்றாகப் பிரிப்போம். அமெரிக்கத் தொடரில் வசனத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. ‘ஸ்டோரி பை’, ‘டெலிபிளே பை’ இரண்டுதான், இரண்டும் ஒருவரே என்றால் ‘ரிட்டன் பை’. இரு பெயர்களுக்கு நடுவே & குறி இருந்தால் ஜோடியாக எழுதியவர்கள், ‘அண்ட்’ என்று இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள். கதை விவாத அறையில் பத்துப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாலும், அந்த எபிசோடின் டைட்டிலில் பெயர் இல்லாதவருக்கு எழுத்துக்கான சிலை இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முழு சீசனின் எழுத்தையும் எடைபோடும் விருது வேண்டுமென்றால் அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டு பக்கம் பார்க்க வேண்டும். அங்கே எபிசோடுக்கு ஒன்று, தொடருக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கின்றன. கில்டின் ஒப்பந்தத்துக்குள் எழுதப்பட்ட தொடராக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. வெளிநாட்டுத் தொடர்கள் பல இதில் அடிபட்டுப்போகும். 2008இல் நாடகத் தொடருக்கான கில்டு விருதை வாங்கியது ‘தி வயர்’. அந்த விருதில் ஷோரன்னரோடு (தொடரை முன்நின்று நடத்தும் தலைமை எழுத்தாளர்), அந்த சீசனில் எழுதிய மற்றவர்கள் பெயரும் வரும்.