பெட்ரோல் டாங்கில் ஊற்றும் கிளீனர் எஞ்சினில் கரி பிடிப்பதைத் தடுக்குமா?

கேள்வி: யாங்கூனில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார் வைத்திருக்கிறேன். எஞ்சினில் கார்பன் அடைக்காமல் இருக்க, டாங்கில் கிளீனர் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். வீண்செலவு என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வண்டியின் பெயரை நீங்கள் எழுதியிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். டொயோட்டா ப்ரோபாக்ஸ், சக்சீட், முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட் போன்ற வண்டி என்றால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். பழைய டொயோட்டா மார்க் எக்ஸ் என்றால், வால்வில் பிடிக்கும் கரியைப் பொறுத்தவரை உங்கள் மாமா சொல்வதுதான் சரி. கிளீனர் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்குப் போகும் முன், உங்கள் எஞ்சினில் பெட்ரோல் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் போகிற வழியில்தான் அதில் கலந்த மருந்தும் போகும். பெட்ரோல் படாத இடத்தில் இருக்கும் கரியை அந்த மருந்து தலைகீழாக நின்றாலும் தொடாது.

எங்களுடையது குடும்பப் பட்டறை. அப்பா காலத்தில் யாங்கூன் தெருக்களில் நீல நிற மாஸ்டா சிறு டாக்சிகளும் பழைய பிக்கப்புகளும்தான் ஓடின. எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். அடைப்பு என்றால் கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம். 2011-இல் பழைய வண்டியை அரசிடம் ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி தரும் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஜப்பானியப் பழைய கார்கள் வந்து குவிந்தன. எல்லாம் இன்ஜெக்ஷன் வண்டிகள், கழற்றிக் கழுவுவது முன்போல எளிதல்ல. பாட்டில் கிளீனர்கள் நம் ஊர்க் கடைகளில் வரிசையாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கரி எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் எப்போதும் முழுதாக எரிவதில்லை. எஞ்சின் சூடேறும் வரை கலவையில் பெட்ரோல் அதிகமாக இருக்கும். மிச்சம் புகைக்கரியாகவும் பிசினாகவும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் தலையிலும் படிகிறது. எஞ்சின் அடிப்பகுதியிலிருந்து எழும் ஆயில் ஆவியைக் காற்றுக்குழாய்க்கே திருப்பி அனுப்பும் அமைப்பு எல்லாக் கார்களிலும் உண்டு. அந்த ஆவி, காற்றை சிலிண்டருக்குள் விடும் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுச் சூட்டில் காய்ந்து இறுகுகிறது. மாலை ஐந்து மணிக்கு அனவ்ரத்தா சாலையில் காளி கோயில் பக்கம் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். கிலோமீட்டர் கூடாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கரி சேர்வதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று குட்டிக் குட்டியாக ஓட்டினாலும் இதே கதிதான்.

கரி கூடினால் என்ன ஆகும்? இன்ஜெக்டர் முனை அடைத்தால், மெல்லிய பனியாகத் தெளிக்க வேண்டிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழும். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கும், வேகம் எடுப்பது மந்தமாகும், மைலேஜ் இறங்கும். சிலிண்டருக்குள் கரி தடித்தால் அழுத்தம் கூடும். சூடேறிய கரித்துணுக்கு நேரம் தவறித் தீ மூட்டும். அப்போதுதான் மேடு ஏறும்போது டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கிறது. இப்போதைய கார்களில் அந்தத் தட்டலை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும் சென்சார் இருக்கிறது. ஆகவே சத்தம் கேட்காமலேயே வண்டி வலுவிழந்து போகலாம்.

இனி எஞ்சின் வகைக்கு வருகிறேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு இருக்கும். டொயோட்டா என்றால் அதில் எஞ்சின் வகைக் குறியீட்டின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ப்ரோபாக்ஸில் இருக்கும் 1என்இசட்-எஃப்இ எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்கு வெளியே தெளிக்கப்பட்டு, வால்வின் முதுகை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. எஃப்எஸ்இ என்று முடிந்தால், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. 2004-இல் வந்த முதல் மார்க் எக்ஸின் 2.5 லிட்டர், 3 லிட்டர் எஞ்சின்கள் இரண்டும் இந்த ரகம். 2ஜிஆர்-எஃப்எஸ்இ போன்ற சில எஞ்சின்கள் விதிவிலக்கு. அவற்றில் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் உண்டு, அதனால் வால்வும் கழுவப்படுகிறது.

வால்வை நனைக்கும் முதல் ரகத்துக்குக் கிளீனர் உண்மையிலேயே உதவும். ஆனால் பாட்டிலில் என்ன மருந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் தேடுவது பாலிஈதர்அமைன் என்ற பெயரை. சுருக்கமாக பிஇஏ என்பார்கள். இதன் மூலக்கூறில் நைட்ரஜன் இருக்கும் தலைப்பகுதி கரியைப் பற்றிக்கொள்ளும். மீதிப் பகுதி பெட்ரோலில் கரையும் என்பதால் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போகும். வால்வின் சூட்டையும் இது தாங்கும், சிலிண்டருக்குள் பெரும்பாலும் மிச்சமில்லாமல் எரிந்தும் போகும். டெக்ரான் என்ற பெயரில் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் விற்கும் மருந்தின் அடிப்படை இதுதான். இதற்கு மலிவான உறவினர் ஒன்று உண்டு, பாலிஐசோபியூட்டிலீன்அமைன். இன்ஜெக்டரையும் வால்வையும் அது நன்றாகவே சுத்தம் செய்யும். ஆனால் சிலிண்டருக்குள் போனதும் தானே கொஞ்சம் படிவாகத் தங்கிவிடுகிறது. ஆகவே என் காசு பிஇஏ-வுக்குத்தான். உள்ளடக்கம் எதுவும் அச்சிடாமல் படம் மட்டும் பெரிதாகப் போட்ட பாட்டிலில் வெறும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் மட்டுமே இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. அதை வாங்காதீர்கள்.

பெட்ரோலில் இந்த மருந்து இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு சுத்திகரிப்பு மருந்து சேர்ப்பது கட்டாயம். அது போதாது என்று சில கார் நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் ‘டாப் டயர்’ என்ற உயர்ந்த தரத்தை வகுத்தன. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் இரண்டையும் ஒப்பிட்டது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், டாப் டயர் அல்லாத பெட்ரோல் வால்வில் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச மருந்து இருந்தது. நம் வண்டியில் ஊற்றும் பெட்ரோல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. அதில் எவ்வளவு மருந்து சேர்ந்திருக்கிறது என்று பம்ப் முன்னால் நிற்கும் நமக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் இங்கே ப்ரோபாக்ஸ் வைத்திருப்பவருக்கு அவ்வப்போது ஒரு பாட்டில் நியாயமான செலவு என்கிறேன்.

நேரடி இன்ஜெக்ஷன் என்கிற இரண்டாவது ரகத்தின் நிலையை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். வாடிக்கையாளர் ஒருவரின் மார்க் எக்ஸ் எங்கள் பட்டறைக்கு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் குலுங்கும், சூடானதும் ஓரளவு சரியாகிவிடும். கிளீனர் தவறாமல் ஊற்றி வந்தவர் அவர். காற்று உள்ளே போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். வால்வின் தண்டும் முதுகும் அடிப்பிடித்த சோற்றுப் பானை மாதிரி கறுத்துத் தடித்திருந்தன. விரல் நகத்தால் சுரண்டினால் மேலே எண்ணெய்ப் பிசுபிசுப்பு, கீழே கல் போன்ற பொருக்கு. அதே எஞ்சினின் பிஸ்டன் தலையை பிளக் துவாரம் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. ஊற்றிய மருந்து போன இடம் சுத்தம், போகாத இடம் கறுப்பு. வேறு ஊர்களில் வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்து இந்தக் கரியை எடுக்கிறார்கள். நாங்கள் கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, உறிஞ்சி எடுத்தோம். எந்த சிலிண்டரில் வேலை செய்கிறோமோ அதன் வால்வு முழுதாக மூடியிருக்கும்படி கிராங்கைத் திருப்பி வைத்துக்கொள்வது மிக முக்கியம். இல்லாவிட்டால் உதிரும் கரி உள்ளே விழுந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். தெரியாதவர்களிடம் இந்த வேலையை விடாதீர்கள்.

நேரடி இன்ஜெக்ஷன் வண்டிக்குக் கிளீனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜெக்டர் முனை சிலிண்டருக்குள்ளேயே நெருப்பில் நிற்பதால், அதற்கு பிஇஏ பலன் தரும். வால்வு முதுகுக்கு மட்டும் தராது. அங்கே கரி சேரும் வேகத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது நல்ல ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதுதான். நெரிசலிலேயே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயில் மாற்றும் கணக்குப் போடாதீர்கள். நின்றபடியே ஓடிய நேரமும் ஆயிலைக் கெடுக்கிறது.

எப்படி ஊற்றுவது? டாங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது பாட்டிலை ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் நிரப்புங்கள், நன்றாகக் கலந்துவிடும். அளவு பாட்டிலில் போட்டிருக்கும். சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று இரண்டு பாட்டிலை ஒன்றாகக் கவிழ்க்காதீர்கள். மருந்தில் ஒரு பகுதி பிஸ்டன் வளையம் தாண்டி ஆயிலில் போய்ச் சேரும். அதனால் ஆயில் மாற்றப் போவதற்கு முந்தைய டாங்கில் ஊற்றுவது நல்லது. ஊற்றிய பிறகு நகருக்குள்ளேயே முடங்காமல், முடிந்தால் பெகு வரை ஒருமுறை சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். எண்பது கிலோமீட்டர் தூரம், எஞ்சின் முழுச் சூட்டில் வேலை செய்யும். நான் பரிந்துரைப்பது ஆயில் மாற்றும்போது ஒருமுறை விட்டு ஒருமுறை. ஒவ்வொரு டாங்குக்கும் ஊற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. பல வருடம் கிளீனரே காணாத வண்டி என்றால், டாங்கில் படிந்த பிசின் கரைந்து வந்து ஃபில்ட்டரை அடைக்கக்கூடும். பல ஜப்பானிய வண்டிகளில் ஃபில்ட்டர் டாங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கிறது. அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

92 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதிலாக 95 போட்டால் கரி பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் திறனின் அளவு, அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானில் சாதாரணப் பெட்ரோலுக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 89தான். அதற்காகச் செய்யப்பட்ட ப்ரோபாக்ஸுக்கு 92 தாராளம். அந்தக் கூடுதல் காசில் பிளக்கும் ஏர் ஃபில்ட்டரும் மாற்றுங்கள். முதல் தலைமுறை ஃபிட்டின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக் என்பதை மறந்து நான்கை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் விஷயத்தில் கவனம் தேவை, அதுவும் மழைக்காலத்தில். அதில் தண்ணீர் கலந்திருந்தால் கரி நீக்கும் மருந்து ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு வாங்கினால் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எந்தப் பாட்டிலையும்விட முதலில் செய்ய வேண்டிய வேலை. உலர்ந்த கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெட்ரோல் கலவை கூடுதல். ஏர் ஃபில்ட்டர், இன்ஜெக்டர், சென்சார் என்று தேடலாம். ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் ஆயில் உள்ளே எரிகிறது. வளையமோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கிளீனர் வாங்குவது முழு நஷ்டம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அப்படியே: முதலில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணைப் பாருங்கள். டீசல் வண்டி என்றால் டீசலுக்கென்றே செய்த மருந்தைத்தான் ஊற்ற வேண்டும், பெட்ரோல் கிளீனரை அதில் ஊற்றாதீர்கள்.

வெளியூரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் உங்களிடம் இதைக் கேட்பார்கள். நான்கு லிட்டர் டாங்குக்கு, நாற்பது லிட்டருக்கான பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு போதும். மருந்து ஊசிக்குழலால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டருக்குக் கிளீனர்கூடத் தேவையில்லை. அங்கே பிரச்சினை, கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட் துவாரத்தை அடைப்பதுதான். சில வாரங்களுக்கு அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்தால், பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள்.