ஊராட்சியில் ‘நிதி இல்லை’ என்று சொன்னால்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தெருவில் கழிவுநீர் வாய்க்கால் நிரம்பி வீட்டு வாசல் வரை வருகிறது. ஊரணிக்குப் போகும் பாதையில் வரிசையாக நான்கு கம்பங்களில் விளக்கு எரியவில்லை. ஊரணியில் பாதி குப்பை, பாதி சீமைக்கருவேலம். ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார். தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவருக்குப் பதிலாக ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகம் போனால் ‘கிராம சபையில் சொல்லுங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கிராம சபையில் போன வருஷமே சொல்லிவிட்டோம். இனி யாரிடம் போவது?

பதில்: மூன்று குறைகளையும் சேர்த்து ஒரே மனுவாகத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘எங்கள் ஊருக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்’ என்று தொடங்கும் மனு. அப்படிப்பட்ட மனு எந்த மேசைக்கும் சொந்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் மூன்று குறைகளும் மூன்று விதமானவை. செய்ய வேண்டிய ஆள் வேறு, எடுக்க வேண்டிய பணம் வேறு. அதைப் பிரித்துக்கொண்டாலே பாதி வழி வந்துவிடும்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். இது யாரும் உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் பிரிவு 110 கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகள், குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், தெருக்களைச் சுத்தம் செய்வது, குடிநீர், சுடுகாடு, குளம் பராமரிப்பு எல்லாம் அதில் வருகின்றன. பூங்கா, நூலகம், விளையாட்டுத் திடல் போன்றவை அடுத்த பிரிவில், ‘முடிந்தால் செய்யலாம்’ வகையில் இருக்கின்றன. நீங்கள் கேட்பது முதல் வகை. மனுவில் பிரிவு எண்ணை ஒரு வரியில் எழுதுங்கள், போதும். சட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

சரி, ‘நிதி இல்லை’ என்ற பதிலுக்கு வருவோம். அது பொய் என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். பல நேரம் அது பாதி உண்மை. ஊராட்சிக்குப் பணம் ஒரே பையில் வருவதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சியே வசூலிப்பது ஒன்று. மாநில நிதிக்குழு மானியம் இன்னொன்று. மத்திய நிதிக்குழு மானியம் மூன்றாவது. இதில் மூன்றாவதை இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் இன்ன வேலைக்குத்தான் என்று ஒதுக்கப்பட்ட பணம். அதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. ஆக, கணக்கில் பணம் இருந்தும் தெருவிளக்குக்கு இல்லாமல் போகலாம். அதே நேரத்தில் வாய்க்காலுக்கு இருக்கலாம். அதனால் ‘நிதி இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘எந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது’ என்று கேளுங்கள். மத்திய மானியச் செலவை இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் போதும். அந்த ஆண்டுக்கு என்ன வேலை திட்டமிட்டார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரும். உங்கள் தெரு வாய்க்கால் ஏற்கெனவே ‘தூர்வாரப்பட்டதாக’ அங்கே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. தெருவிளக்கு எளிது. நான்கு பல்பும் ஒரே சமயத்தில் வரிசையாகப் போவது அபூர்வம். தெருவிளக்குக்குக் கம்பத்தில் தனிக் கம்பி ஓடும். அது எங்காவது அறுந்திருக்கலாம், அல்லது சுவிட்ச் பெட்டியில் கோளாறு இருக்கலாம். அதே கம்பங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும் வீடுகளில் கரண்ட் இருந்து, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். கம்பியும் கம்பமும் மின்வாரியத்தின் வேலை, பல்பும் விளக்குச் சட்டகமும் ஊராட்சியின் வேலை. இது தெரியாமல் ஊராட்சியிடம் பல்பு கேட்டுக்கொண்டிருந்தால், மாட்டிய புதுப் பல்பும் எரியாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் கம்ப எண்ணோடு புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் எண் அழிந்திருந்தால் எதிரில் இருக்கும் வீட்டை அடையாளம் சொல்லலாம். நீங்களே கம்பத்தில் ஏறிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வாய்க்கால் அப்படியில்லை. இதற்குக் கொஞ்சம் கண்ணும் காலும் வேண்டும். மழை இல்லாத ஒரு காலையில், வீடுகளில் பாத்திரம் கழுவும் நேரத்தில், வாய்க்காலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடந்து பாருங்கள். முடிவு வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஊர்களில் வாய்க்காலுக்கு முடிவே கிடையாது. கடைசி வீட்டைத் தாண்டி யாரோ ஒருவருடைய வயல் வரப்பில் போய் நின்றுவிடும். வயல்காரர் மண்ணைப் போட்டு அடைத்துவிடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடைத்த நாளிலிருந்து தண்ணீர் பின்னோக்கி ஏறி, தாழ்வான வாசலில் நிற்கும். இன்னொன்று, ஒரே வாய்க்காலை இரண்டு திட்டங்களில், இரண்டு வருஷ இடைவெளியில், இரண்டு ஒப்பந்தக்காரர்கள் கட்டியிருப்பார்கள். இணைகிற இடத்தில் பிந்தியதன் தளம் முந்தியதைவிட நாலு விரல் மேலே இருக்கும். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாலே தெரியும்: அந்த இடத்துக்கு முன்னால் கறுப்புச் சேறு முழங்கை ஆழம், அந்தப் பக்கம் காய்ந்த சிமெண்டு. இப்படிப்பட்ட வாய்க்காலை மாதம் ஒருமுறை தூர்வாரினாலும் பத்து நாளில் பழைய கதைதான். தூய்மைப் பணியாளர்களைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

அதனால் ‘வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘வாய்க்காலின் கடைமுனையில் நீர் வெளியேற வழியில்லை. அங்கே சமுதாய உறிஞ்சுகுழி அமைக்கவும், இன்னார் வீட்டு எதிரில் தள மட்டத்தைச் சரிசெய்யவும் ஒன்றியப் பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்க வேண்டும்’ என்று கேளுங்கள். மதிப்பீடு என்ற சொல் முக்கியம். எஸ்டிமேட் போட்ட வேலைக்குத்தான் நிர்வாக அனுமதி வரும், அனுமதி வந்தால்தான் பணம். கழிவுநீர் மேலாண்மை சுகாதாரத் தலைப்பில் வருவதால், மேலே சொன்ன சுகாதார ஒதுக்கீட்டுப் பணத்தையே இதற்குக் கேட்கலாம். ‘நிதி இல்லை’ என்ற பதில் இங்கே நிற்காது. கழிப்பறைக் குழாயை யாராவது இந்த வாய்க்காலில் விட்டிருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். உறவுக்காரர் வீடாக இருந்தாலும்.

அப்புறம் ஊரணி. இதில் அவசரப்படக்கூடாது. முதலில் அது யாருடையது என்று பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ் உள்ள சிறுபாசனக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஊரணி, குட்டை போன்றவை கிராம ஊராட்சியிடம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டு, அ-பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலேயே பார்க்கலாம். வகைப்பாட்டில் ‘ஊரணி’ என்றோ ‘நீர்நிலை புறம்போக்கு’ என்றோ இருக்கும், பரப்பும் இருக்கும். பதிவேட்டில் உள்ள பரப்பு தரையில் இல்லை என்றால் அது ஆக்கிரமிப்பு. அதற்கான மனு வட்டாட்சியருக்குப் போக வேண்டும், ஊராட்சிக்கு அல்ல. சர்வேயர் வந்து அளந்து கல் நடாமல், எங்கே கரை போடுவது என்று யாருக்கும் தெரியாது.

சீமைக்கருவேலத்தை ஊர் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை வெட்டித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஊராட்சி நிலத்து மரத்தை மதிப்பிட்டு ஏலம் விட வேண்டும், அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் சேர வேண்டும். நிதி இல்லை என்று சொல்லும் ஊராட்சியில் விறகு நிற்கிறது, அதை விற்றுக் கொஞ்சம் நிதி உண்டாக்கலாம் என்பதை மனுவில் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். வண்டல் எடுக்கவும் அனுமதி வாங்க வேண்டும். குப்பை அள்ளுவது, கரையில் செடி வைப்பது போன்றவற்றுக்கு ஊராட்சியிடம் எழுத்தில் சொல்லிவிட்டு நீங்களே இறங்கலாம். பெரிய வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் கோயில் கொடைக்கு அனுப்புவது போல இதற்கும் அனுப்புவார்கள், கேட்டுப் பாருங்கள்.

இப்போது கிராம சபை. தலைவர் இல்லாததால் கிராம சபை இல்லை என்று ஆகாது. உங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்தது. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

‘போன வருஷமே சொன்னோம்’ என்கிறீர்கள். சொன்னீர்கள், எழுதினார்களா? கிராம சபையில் நீங்கள் அரைமணி நேரம் பேசியது காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரிதான் மேலே போகும். பல இடங்களில் வந்தவுடன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு நிரப்புகிறார்கள். அதனால் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் கூட்டப்பொருள் வாசித்ததும், ‘எங்கள் தெரு வாய்க்காலுக்கு என்ன தீர்மானம், எண் என்ன, வாசியுங்கள்’ என்று கேளுங்கள். எதிர்ப்பேச்சு வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதும். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கழிவுநீரை மிதித்து நடப்பவர்கள் கேட்கும்போது கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலரான பற்றாளர் குறித்துக்கொள்வார். வாசித்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். மின்வாரியம், வருவாய்த் துறை போன்றவர்களின் வேலைக்கும் தீர்மானம் போடலாம். அது அந்தத் துறைக்குப் பரிந்துரையாகப் போகும்.

அடுத்த கூட்டத்துக்கு மாதங்கள் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால், மன்றம் செய்ய வேண்டிய வேலைக்கு இப்போது அவரே பொறுப்பு. ‘கிராம சபையில் சொல்லுங்கள்’ என்று அவர் அனுப்புவது, அன்றாடப் பராமரிப்புக்குப் பொருந்தாது. அடைத்த வாய்க்காலைத் திறக்கத் தீர்மானம் தேவையில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) பெயரில் தனித்தனியாக மனு கொடுங்கள். பதில் இல்லை என்றால், ஊராட்சிகளுக்கான ‘ஊராட்சி மணி’ எண் 155340, முதல்வரின் முகவரி எண் 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் என்று படிப்படியாகப் போகலாம். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், இந்த விஷயத்தில் அவருக்கு அதிகாரம் அதிகம். ஒரே நாளில் எல்லாக் கதவையும் தட்டாதீர்கள். எல்லா மனுவும் சுற்றிச் சுற்றி அதே ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் வரும், ஒரே பதில் நாலு பிரதியாகக் கிடைக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மறக்காதீர்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. சட்டம் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. குறிப்பிட்ட நாளில் நடந்த கிராம சபையின் தீர்மானப் புத்தக நகல், குறிப்பிட்ட ஆண்டில் கழிவுநீர் வாய்க்கால் பணிகளுக்கான மதிப்பீடு, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், செலவுச் சீட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அளவுப் புத்தகத்தில் 80 மீட்டர் என்று இருந்து உங்கள் தெருவில் 50 மீட்டர்தான் வாய்க்கால் இருந்தால், அப்புறம் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேட்கவே சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: உங்கள் தெருவில் எத்தனை பேர் வீட்டு வரி கட்டியிருக்கிறீர்கள்? கட்டாததால் வாய்க்காலைத் திறக்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெருவிளக்குச் சாமான் மாதிரி சின்னச் செலவுகள் பெரும்பாலும் ஊராட்சியின் சொந்த வருவாயிலிருந்துதான் போக வேண்டும். இப்போது வரியை இணையத்திலேயே கட்டலாம், ரசீது போனுக்கே வரும். தெருக்காரர்கள் நிலுவையைக் கட்டிவிட்டு, திங்கட்கிழமை மனுவோடு அந்த ரசீதுகளின் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.