உதட்டோரக் கொப்புளமும் வீட்டு வைத்தியமும்: தோல் டாக்டரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. உதட்டோரத்தில் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டி, போனது என்று நினைக்கும்போது மறுபடியும் வரும் நீர்க்கொப்புளங்கள். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தந்திருக்கிறேன்.

அன்புள்ள டாக்டர், எனக்கு 34 வயது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை மேலுதட்டின் ஓரத்தில் கொப்புளம் வருகிறது. ஹெர்பிஸ் வைரஸ் என்றார்கள். மாத்திரை சாப்பிட விருப்பமில்லை. தேன், பூண்டு, தேயிலை மர எண்ணெய், லைசின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இயற்கையான முறையிலேயே இதை அடியோடு போக்க முடியுமா?

சகோதரி, முதலில் ஒரு விஷயம்: எனக்கும் இது உண்டு. மருத்துவம் படிக்கும்போது தொடங்கியது. இன்றும் தூக்கம் கெட்டு வேலை செய்தால் கீழுதட்டின் இடது ஓரத்தில், அதே இடத்தில் வந்து நிற்கும். உங்கள் எரிச்சலும், கண்ணாடி பார்க்கும்போது வரும் அலுப்பும் எனக்குத் தெரியும்.

அடியோடு போக்க முடியாது. இயற்கை முறையிலும் முடியாது, மாத்திரையாலும் முடியாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த முடிச்சு மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கிறது. உதட்டில் தடவும் எதுவும் அங்கே எட்டாது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிடாய், உதட்டில் படும் காயம், பல் சிகிச்சை என்று ஏதோ ஒன்று அதை எழுப்பும். எழுந்தால் நரம்பு வழியே இறங்கி, பழைய இடத்துக்கே வரும். ‘வேரோடு ஒழிக்கிறேன்’ என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள்.

ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கொப்புளம் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு, சுருக்கென்ற எரிச்சல், லேசான இறுக்கம் வருமே, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். பலருக்கு அது சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் பொருக்குத் தட்டிய பிறகுதான் வருகிறார்கள். அப்போது வைரஸ் தன் வேலையை முடித்திருக்கும். களிம்போ மாத்திரையோ வீட்டு வைத்தியமோ, எதற்கும் பெரிதாகப் பலன் இருக்காது. எதைத் தடவுவது என்று தேடுவதில் செலவாகும் கவலையில் பாதியை, அந்தக் குறுகுறுப்பைக் கண்டுபிடிக்கப் பழகுவதில் செலவிடுங்கள்.

குறுகுறுப்பு தொடங்கியதும் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துச் சில நிமிடங்கள் ஒற்றி எடுங்கள். ஐஸ்கட்டியை நேராக வைக்க வேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள். வலியும் வீக்கமும் அடங்கும். புண் உடைந்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசினால், பொருக்கு வெடித்து ரத்தம் கசியாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். பொருக்கை உரிக்காதீர்கள். எதுவுமே தடவாவிட்டாலும் பெரும்பாலோருக்கு 7 முதல் 10 நாட்களில் தானாக ஆறிவிடும். இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் தானாக ஆறும் நோயில், கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

சரி, தேனுக்கு வருவோம். இதைப் பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. நியூசிலாந்தில் மருந்துக் கடைகள் வழியாக 952 பேரைச் சேர்த்து நடத்தி, 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கானுகா என்ற மரத்தின் பூவிலிருந்து கிடைக்கும் தேனைச் சுத்திகரித்துச் செய்த களிம்பு. இன்னொரு பிரிவினருக்கு ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக் களிம்பு. தோல் பழைய நிலைக்கு வர, ஏசைக்ளோவிர் பூசியவர்களுக்கு இடைநிலையாக 8 நாட்கள், தேன் பூசியவர்களுக்கு 9 நாட்கள். புள்ளிவிவரப்படி இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றார்கள். ‘தேன் மருந்துக்குச் சமம்’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். ஏசைக்ளோவிர் களிம்பே சுமார் அரை நாள் முதல் ஒரு நாள் வரைதான் குறைக்கும். எதுவும் பூசாத பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே, தேன் பெரிதாகக் கெடுக்காது, அந்தக் களிம்பு பெரிதாகக் காப்பாற்றாது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பூச ஆசையென்றால், காயத்துக்கென்று சுத்திகரிக்கப்பட்ட தேனை மெல்லியதாகப் பூசுங்கள். ஒவ்வாமை இருந்தால் வேண்டாம்.

பூண்டு வேண்டவே வேண்டாம். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். அப்படி வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்கி, உதட்டில் தீக்காயத்தோடு வந்த பெண்ணுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். கொப்புளம் பத்து நாளில் போனது, காயத்தின் தழும்பு நெடுநாள் இருந்தது. இருபது வயதுப் பெண், கல்லூரிக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தேயிலை மர எண்ணெயும் எரிச்சல் தரக்கூடியது, விழுங்கினால் நஞ்சு. உதட்டில் பூசினால் கொஞ்சமாவது உள்ளே போகும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. பற்பசை, எலுமிச்சைச் சாறு, ஸ்பிரிட் மூன்றும் எரியும், அவ்வளவுதான். லெமன் பாம் என்ற மூலிகையில் செய்த களிம்புக்கும் துத்தநாகக் களிம்புக்கும் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. சிறிய ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம். பூசிப் பார்ப்பதில் தவறில்லை.

லைசின் மாத்திரையின் கணக்கு இது: வைரஸ் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தேவை, லைசின் அதற்குப் போட்டியாக நிற்கும். சோதனைக் குழாயில் அழகாக இருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் அமைப்பு பார்த்தபோது, கொப்புளம் வராமல் லைசின் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆர்ஜினினுக்குப் பயந்து நிலக்கடலையையும் சாக்லேட்டையும் விட வேண்டியதும் இல்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்தில்லாத வழிகளில் எனக்கு நம்பிக்கை உள்ளது இதுதான். புற ஊதாக் கதிர் இந்த வைரஸை எழுப்பும் என்பது தெளிவாக நிரூபிக்கப்பட்டது. அடிக்கடி கொப்புளம் வருபவர்களின் உதட்டில் ஆய்வகத்தில் அந்தக் கதிரைப் பாய்ச்சி 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முன்கூட்டிச் சன்ஸ்கிரீன் பூசியபோது யாருக்கும் கொப்புளம் வரவில்லை, வெறும் களிம்பு பூசியபோது பெரும்பாலோருக்கு வந்தது. வெளியே இயற்கை வெயிலில் அதே அளவு பலன் உறுதியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உதட்டில் பூசியது பேசும்போதும் குடிக்கும்போதும் போய்விடும். அதனால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத லிப் பாமை வெளியே போகுமுன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். என் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். எனக்கு வருவது வெகுவாகக் குறைந்தது; வயதும் அதில் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு சிறிய குறிப்பேடும் வையுங்கள். எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முந்தைய மூன்று நாட்கள் என்ன நடந்தது என்று இரண்டு வரி போதும். காரணமே இல்லாமல் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் பல் மருத்துவரிடம் போய்வந்த வாரத்தில் வந்ததைக் கண்டார். இப்போது பல் சிகிச்சைக்கு முன்பே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

மாத்திரை வேண்டாம் என்ற உங்கள் முடிவை மதிக்கிறேன். வருடத்துக்கு மூன்று முறை என்றால் இல்லாமலே சமாளிக்கலாம். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்: வாலாசைக்ளோவிர் என்ற மாத்திரையை, குறுகுறுப்பு தொடங்கியதும் ஒரே நாளில் இரண்டு வேளை எடுத்து முடித்துவிடும் முறை இருக்கிறது. சராசரியாகச் சுமார் ஒரு நாள் குறையும். வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வருபவர்களுக்குத் தினமும் குறைந்த அளவில் தருவதும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். ஆகவே மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

டாக்டர் அம்மா, என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. நாளை பார்க்கப் போக இருந்தேன். இன்று காலை உதட்டில் கொப்புளம். மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாமா? போகாவிட்டால் தங்கை வருத்தப்படுவாள்.

போகாதீர்கள், அம்மா. புண் முழுவதும் ஆறி, பொருக்கு விழுந்து, புதுத் தோல் வந்த பிறகு போங்கள். தங்கையிடம் காரணத்தை அப்படியே சொல்லுங்கள். இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினாலும் சரி.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த வைரஸை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு. பெரியவருக்கு உதட்டில் ஒரு புண்ணாக நிற்பது, அந்தக் குழந்தையின் ஈரலுக்கும் மூளைக்கும் பரவலாம், உயிரையும் எடுக்கலாம். ஒரு முத்தம் போதும். புண் இல்லாதபோதும் எச்சிலில் வைரஸ் சில நாட்கள் வெளிப்படும் என்பதால், எப்போதுமே பச்சைக் குழந்தையின் முகத்திலும் கையிலும் முத்தமிடாமல் இருப்பது நல்லது. அன்பைக் காட்டக் கால் பாதம் இருக்கிறது, கை கழுவிவிட்டுத் தொடலாம்.

தாய்க்கே உதட்டில் புண் வந்தால்? பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மார்பில் புண் இல்லாதவரை பால் கொடுக்கலாம். மாஸ்க் அணிந்து, ஒவ்வொரு முறையும் கை கழுவி, புண் ஆறும்வரை முத்தமிடாமல் இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ, காய்ச்சல், உடல் சில்லிடுதல், வலிப்பு, தோலில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை.

எனக்கு 28 வயது. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஹெர்பிஸ் என்றால் பாலியல் நோய் என்று நண்பன் சொன்னதிலிருந்து தூக்கமில்லை. நான் எந்தத் தவறும் செய்யவில்லை. அவளிடம் சொல்வதா, மறைப்பதா?

தம்பி, இதில் தவறு என்ற பேச்சே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரின் உடலில் வகை 1 வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டில் யாரோ கொஞ்சி முத்தமிட்டபோது வந்தது. பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கொப்புளம்கூட வராது, தங்களுக்கு இருப்பதே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டு. பாலுறவு மூலம் அதிகம் பரவுவது வகை 2. ஆனால் வகை 1-ம் வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்குப் போகும். எனவே குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து தோல் ஆறும்வரை முத்தமும் வாய்வழி உறவும் கூடாது.

சொல்லிவிடுங்கள். “எனக்கு அவ்வப்போது உதட்டில் கொப்புளம் வரும், அது தொற்றும், வரும் நாட்களில் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்” என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். திருமணத்துக்குப் பிறகு இருவரில் ஒருவருக்குக் கொப்புளம் வந்து, அதிலிருந்து ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கிய தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ வருடம் சும்மா கிடந்த வைரஸ் அப்போது எழுந்திருக்கலாம். முதல் கொப்புளத்தின் தேதியை வைத்து எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று வயது மகனுக்குக் காய்ச்சலோடு வாய் முழுவதும் புண், ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. தண்ணீர்கூட குடிக்க மறுக்கிறான். இதுவும் அதுதானா?

இருக்கலாம். முதல் முறை தொற்றும்போது சில குழந்தைகளுக்கு இப்படி வரும். மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். ஆரம்பித்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஏசைக்ளோவிர் சிரப் நன்றாகப் பலன் தரும். உண்மையான ஆபத்து நீர்ச்சத்து வற்றுவது. குளிர்ந்த நீர், பால் எதுவானாலும் ஸ்பூனால், சிறு சிறு மடக்காக, விடாமல் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கவைத்தால் ஒத்துழைப்பான். ஆஸ்பிரின் கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையும் இருந்தால், தேன் அதன் வாயில் எந்தக் காரணத்துக்கும் படக்கூடாது.

உதட்டுப் புண்ணோடு ஒரு கண்ணும் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது. வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

விடாதீர்கள். அது ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால், கருவிழியில் வைரஸ் பரவிப் பார்வையையே பறிக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். போனதும் உதட்டுப் புண்ணைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

புண் ஆறிய பிறகு டூத் பிரஷ்ஷை மாற்ற வேண்டுமா? லிப்ஸ்டிக்?

உங்களுக்கு மறுபடி வருவது பிரஷ்ஷிலிருந்து அல்ல, நரம்பிலிருந்து. ஆனாலும் புண் இருந்தபோது பயன்படுத்திய பிரஷ்ஷை மாற்றிவிடுவது சுத்தம். அது மற்றவர்களின் பிரஷ்ஷோடு ஒரே குவளையில் உரசிக்கொண்டு நிற்க வேண்டாம். புண்மேல் பட்ட லிப்ஸ்டிக்கையும் லிப் பாமையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். துண்டு, டம்ளர், ஸ்பூன் ஆகியவற்றைப் புண் ஆறும்வரை தனியாக வைத்துக்கொண்டால் போதும். சோப்புப் போட்டுக் கழுவினால் வைரஸ் தாங்காது.